சிவப்புக் கிளிப், மஞ்சள் கிளிப்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. ஆரியசாலைக் கடைத்தெருவில் கணுக்கால் தண்ணீர். வியாபாரிகள் சங்க ஹாலில் இலவச நெஞ்சுச் சோதனை. பகவதியின் பிடுங்கல் தாங்காமல் போனேன். படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறதாம். வாங்குகிறதுதான். பெண்டாட்டியிடம் ஒப்புக்கொள்ள முடியுமா?

ஈ.சி.ஜி. எடுக்க நர்ஸ் பிந்து, மலையாளப் பெண்; தாத்தாவை அப்பூப்பன் என்பாள். வலக்கையில் சிவப்புக் கிளிப், இடக்கையில் மஞ்சள். அவள் பிளக் தேடப் போன நேரம் இரண்டையும் மாற்றி மாட்டினேன். மிளகாய்க் கடையில் எடை போட்ட காலத்தில் மூட்டை நூலின் நிறத்தை மாற்றிக் கட்டிக் கணக்குப்பிள்ளையை அலையவிட்ட கை.

தாள் வந்ததும் பிந்து முழித்தாள்.
"டாக்டரே, இந்த அப்பூப்பனுக்கு ஹார்ட் வலத்துப் பக்கமாணோ?"
"ஆமா மோளே. இடது பக்கம் பீடிக்கட்டு வைக்கணும்லா?"

டாக்டர் சின்னப் பெண். சிரிக்கவில்லை. சவர மிஷின் அளவில் ஒரு ஸ்கேன் கருவி. நெஞ்சில் வைத்தார். போனில் படம் ஓடியது.
"ஹார்ட் இடத்துப் பக்கம்தான் இருக்கு. கிளிப்பை மாத்தினீங்க, அல்லே?"
எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் கருவியை எடுக்கவில்லை.

அப்புறம் ஸ்பீக்கர் வைத்த ஸ்டெதஸ்கோப். லப்-டப் இல்லை. ஈரத் தரையில் மூட்டை இழுக்கிற சத்தம். ஹால் முழுக்க. ஈ.சி.ஜி. மறுபடி, சரியாக. கோடு எழும்பும்போதெல்லாம் பின்னாலேயே அந்த இழுவை.

"ஒரு வால்வு சரியா தொறக்கல அப்பூப்பா. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியா போகவேண்டா."
"நான் கிளிப்பை மாத்தலேன்னா?"
"பேப்பரை மட்டும் நோக்கிட்டு வீட்டுக்கு விட்டிருப்போம்."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டேன். மழைக் குளிர் என்று பிந்துவிடம் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்
மழை. பகவதியிடம் சொல்லவில்லை. கண்ணை மூடினால் காதுக்குள் மூட்டை. இடப்பக்கம் சாய்ந்து படுக்கப் பயம். பீடி தொடவில்லை.
வாங்க: சோப்பு, தே. எண்ணெய், வேட்டி 1 (ஆஸ்பத்திரிக்கு).

ஜூன் 11, புதன்
சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
"போன மாசம் ஒரு கிட்னியக் காணோம்னீங்க. போங்க அங்கிட்டு."
"இல்லட்டி, இது நெசம்."
"சத்தியம் பண்ணுங்க பாப்போம்."
பண்ணினேன். நம்பவில்லை. எத்தனை பொய்ச் சத்தியம் பார்த்தவள். சிரித்துக்கொண்டே என் நெஞ்சில் காதை வைத்தாள். சிரிப்பு நின்றது. காதை எடுக்கவில்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்தது.

ஜூன் 12, வியாழன்
மழை இல்லை. பெரிய ஆஸ்பத்திரி. டோக்கன் 41. மறுபடி கிளிப். இந்த நர்ஸும் எதையோ எடுக்கப் போனாள். கையை அசைக்கவில்லை. திரும்பி வந்ததும் கேட்டேன், "சிவப்பு வலக்கைதானே மோளே? ஒண்ணூடி நோக்கு, இன்னொரு தடவை."

திரைக்கு அந்தப் பக்கம் பகவதியின் குரல்.
"என்னங்க, சத்தத்தையே காணோம்? அந்தப் பிள்ளைய எதாவது கேலி பண்ணுங்களேன்."
வாயைத் திறந்தேன். "சிவப்பு வலக்கை, மஞ்சள் இடக்கை" என்றுதான் வந்தது.