சுவரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்குப் பதில்

இன்று காலை முழங்காலுக்குப் பத்துப் போட, இரும்புக் கரண்டியில் மஞ்சளைக் குழைத்து அடுப்பில் காட்டினேன். தண்ணீர் சுண்டி, மஞ்சள் இரும்போடு ஒட்டிக் கருகத் தொடங்கியதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது மாமா. சாமி ஞாபகம் வரவில்லை. என் கல்யாண ஞாபகம் வரவில்லை. உங்கள் ஓட்டை வண்டியின் ஞாபகம். கரண்டியை இறக்கி வைத்துவிட்டு, பேத்தியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சாங்கிளாஸ் படித்தவள் எழுதுகிற மடல். தப்பு இருந்தால் இருக்கட்டும். நீங்கள் எட்டாங்கிளாஸ் படித்து என்ன கிழித்தீர்கள் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தவள் நான்.

உங்களோடு நேராக நான் பேசுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், எனக்கு மூத்தார். மூத்தார் எதிரே தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, முகம் பார்த்து வார்த்தை பேசக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு தங்கிவிட்ட உங்களுக்கு இருபது வருஷம் சோறு போட்டேன். "சாப்பிட வாங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வட்டிலை வைத்துவிட்டு, சொம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். நீங்கள் வருவீர்கள். ஏதாவது வேண்டுமென்றால் தூணைப் பார்த்து, "உப்பு கம்மியா கீது" என்பீர்கள். தூண் எழுந்து போய் உப்பு எடுத்து வந்ததில்லை என்பது உங்களுக்கு என்றைக்காவது உறைத்ததா, தெரியாது.

நீங்கள் சென்னையில் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தீர்கள். அவர் வீட்டு ஷெட்டில் ஓடாமல் கிடந்த பழைய பந்தயக் காரை, "எடத்த அடைக்குது, நீயே எடுத்துக்கோ" என்று உங்கள் தலையில் கட்டி அனுப்பிவிட்டார். குப்பையைக் கொடுத்தவர் கெட்டிக்காரர். அதை வரம் மாதிரி வாங்கி வந்தவர் நீங்கள். லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்து, உத்திரமேரூர் ரோட்டிலிருந்து நம் ஊருக்குத் திரும்புகிற மண் பாதையில் புதைத்தீர்கள். நம் எருதுகள் இரண்டும் போய் அதைப் பிடுங்கி வந்தன. பச்சை நிறம், சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம், கூரைக்குப் பதில் கிழிந்த துணி, ரெண்டே ரெண்டு சீட்டு. நாய் படுத்திருக்கிற மாதிரி தரையோடு தரையாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஆயா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னா நைனா, பாதி வண்டிதான் குட்த்தானா? மீதி எப்போ வரும்?"

நீங்கள் சிரிக்கவில்லை. "ஆயா, இது மணிக்கு நூறு மைல் போவும்."

"எங்க போவும்?" என்றாள். நீங்கள் துண்டை உதறி வண்டியைத் துடைக்கப் போய்விட்டீர்கள்.

அந்தச் சனியனை மாட்டுக் கொட்டகையில் விட்டீர்கள். செவலைப் பசுவை வெளியே கட்டினீர்கள். நடவிலும் களையெடுப்பிலும் உங்களுக்கு இடுப்பு வலிக்கும். மார்கழி பிறந்து, சம்பா கதிர் முற்றக் காத்திருக்கிற அந்த ஒரு மாதம் மட்டும் வலி எங்கேயோ போய்விடும். விடிந்ததும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவீர்கள். செவலை பனியில் நனைந்து, கன்றை அணைத்துக்கொண்டு நடுங்கும். "அண்ணன் ஏதோ பண்ணிக்கினு கீறாரு, வுடு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு அண்ணன் என்றால் சாமி.

ஒரு மார்கழி பிரேக். ஒரு மார்கழி கார்புரேட்டர். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் எல்லாம் போல்ட்டு கழுவப் போனது. எந்த போல்ட்டு எந்த ஓட்டைக்கு என்று மறந்துவிடக் கூடாது என்று என் இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒன்றாக அடுக்கி வைத்தீர்களே! பொங்கலுக்கு இட்லி ஊற்றத் தட்டைத் தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் தேய்ந்தது. கிரீஸ் வாடை போகவில்லை. அந்த இட்லியைத் தின்றுவிட்டு நீங்கள் தூணிடம் சொன்னீர்கள்: "மாவு புளிச்சிப் போச்சி."

அப்புறம் ரேடியேட்டர், இஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் டப்பா. மூன்று மார்கழி அதோடு மல்லுக்கட்டினீர்கள். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சொட்டியது. ஈயம் வைத்துப் பற்றவைத்தீர்கள், சோப்புக் கட்டியைத் தேய்த்தீர்கள், எதையோ பூசினீர்கள். வாசலில் நான் போட்ட கோலம் தினமும் அந்தத் துருத் தண்ணீரில் கரைந்தது. பானை கசிந்தால் பெண்பிள்ளைகள் என்ன செய்வோம்? எங்கள் அம்மா மாவுக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக் கொதிக்க விடுவாள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அடைத்துக்கொள்ளும். மாவு புளித்துவிடும், மஞ்சள் தூள் என்றால் புளிக்காது, கெடாது என்று எனக்குத் தோன்றியது. உங்களிடம் சொல்ல முடியாது. அதனால் செவலைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அதன் காதில் உரக்கச் சொன்னேன்.

"ஏண்டி செவல, அந்த டப்பாவுல கொஞ்சம் மஞ்சத்தூள் கரைச்சி ஊத்தினா அடைச்சிக்கும்னு தெரியாதா இந்த ஊருல எவனுக்கும்?"

வண்டிக்கு அடியிலிருந்து உங்கள் குரல் வந்தது. "மாட்டுக்கிட்ட சொல்ற சமையல மாட்டோட வெச்சிக்க சொல்லு. இது இஞ்சினு. கொழம்பு கெடையாது."

செவலை என்னைப் பார்த்தது. அதற்கே அவமானமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம்தான் என் மகள் வசந்தா பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, காஞ்சிபுரத்துக்கு நேரில் வரச் சொல்லிக் கார்டு வந்தது. என்னை அஞ்சாவதோடு நிறுத்தியபோது யாரும் என்னைக் கேட்கவில்லை. சிலேட்டை வாங்கி வைத்துவிட்டு ஆட்டை ஓட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். என் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது என்று வயிற்றில் இருந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஊசி போடுற வேல" என்று தூணுக்குப் புத்தி சொன்னீர்கள். தூண் கேட்டுக்கொண்டது. நான் கேட்கவில்லை.

அன்று விடியற்காலை எதிரே இருக்கிற ஆள் தெரியாத பனி. ஆறரை பஸ் வரவில்லை. ரோட்டில் நின்று நின்று, பஸ் வழியில் படுத்துவிட்டது என்று சைக்கிளில் வந்தவர் சொன்னதும் வசந்தா கார்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கூப்பிடுகிற நேரம் போய்விடும். என் வீட்டுக்காரர் உங்களிடம் ஓடினார். உங்கள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். பெண்ணுக்காக இல்லை. காஞ்சிபுரம் வரைக்கும் அதை ஓட்ட ஒரு சாக்குக் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் தள்ள, அது இருமி இருமிக் கிளம்பியது. நீங்கள் ஒரு சீட்டில். இன்னொரு சீட்டில் நானும் வசந்தாவும். உங்கள் பக்கம் அவள், கதவு பக்கம் நான், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு. மடியில் சாப்பாட்டுத் தூக்கு, ஒரு சொம்பு, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு இடித்த மஞ்சள் தூள் ஒரு பொட்டலம். பனிக் காற்று காதைக் கிழித்தது. நூறு மைல் என்றீர்கள். எங்களைத் தாண்டி ஒரு பால்காரர் சைக்கிளில் போனார்.

பாலாற்றுக்கு இந்தப் பக்கம் வந்ததும் வண்டியின் முகத்திலிருந்து ஆவி கிளம்பியது. நின்றுவிட்டது. ஆற்றைத் தாண்டினால் ஓரிக்கை, அதற்கப்புறம் ஊர்தான். ஆனால் நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. நீங்கள் துண்டை வைத்து மூடியைத் திறந்தீர்கள். தண்ணீர் எல்லாம் ரோட்டில். துண்டாலேயே அதற்கு விசிறினீர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு விசிறுவது போல. "பனிக் காத்து ஒத்துக்கல" என்று இஞ்சினிடம் சொன்னீர்கள்.

"அம்மா, பேர் கூப்ட்டுட்டு இல்லன்னா அடுத்த ஆள கூப்ட்டுடுவாங்கம்மா" என்றாள் வசந்தா.

ஒரு சிலேட்டை வாங்கி வைத்தார்களே, அதே மாதிரி இன்னொன்றையும் இந்த ரோட்டிலேயே வாங்கி வைத்துவிடுவீர்கள் போல இருந்தது.

அப்போதுதான் நீங்கள் ஓரத்தில் இருந்த புளியமரத்தின் பக்கம் திரும்பினீர்கள். என் பக்கம் இல்லை. மரத்தைப் பார்த்து, வாய்க்குள்ளேயே, "மாட்டுக்கிட்ட சொன்னாங்களே... அந்தத் தூளு இப்போ கையில கீதா?" என்றீர்கள்.

புளியமரம் பேசவில்லை. எங்கே, மரத்திடமே வாங்கிக்கொள்ளட்டும் என்று இருந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். புளிச்சோற்றை இலையில் கவிழ்த்துவிட்டுத் தூக்கை அவளிடம் கொடுத்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். மணலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மொண்டு வந்தாள்.

நான் வண்டிக்குப் பக்கத்தில் வர வேண்டும், அதனால் நீங்கள் மரத்துக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றீர்கள். பெண்ணின் வாழ்க்கை ரோட்டில் கிடக்கிறது, உங்களுக்கு மரியாதை முக்கியம். இஞ்சின் கொஞ்சம் ஆறுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மனின் பொட்டலத்தைப் பிரித்து, சொம்பில் கட்டி விழாமல் கரைத்து ஊற்றினேன். மேலே தண்ணீர் ஊற்றி மூடினேன். அப்புறம் வட்டிலைத் தட்டுகிற மாதிரி, உங்கள் சீமை வண்டியின் தலையில் சொம்பால் ஒரு தட்டு தட்டினேன்.

நீங்கள் வந்தீர்கள்.

சொட்டு முதலில் மஞ்சளாக விழுந்தது. அப்புறம் மெதுவானது. அப்புறம் நின்றது. சூடான மஞ்சள் வாடையோடு காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தோம். வசந்தா உள்ளே போய் நிற்கவும் அவள் பேரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. அம்மனிடம் வெறுங்கையோடு போனேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, பொங்கலுக்கு முன்னாலேயே தபால்காரர் நல்ல சேதி கொண்டுவந்தார்.

நீங்கள் டீக்கடையில் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? "சீமை மருந்து ஒண்ணு வெச்சிருந்தேன், ஊத்தினேன், அவ்ளோதான்." என் வீட்டுக்காரரே வந்து பெருமையாகச் சொன்னார். நான் செவலையிடம் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த மார்கழி மறுபடி ஒழுகியது. இத்தனை தூண், இத்தனை சுவர், ஒரு பசு, ஒரு கன்று. எதைப் பார்த்துக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. நான் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில் பொங்கலுக்கு இடித்து வைத்திருந்த தூளை டப்பாவோடு எடுத்துப் போய் முழுக்கக் கொட்டினீர்கள். உள்ளே களி மாதிரி இறுகிவிட்டது. தண்ணீர் ஓட வழியில்லாமல் இஞ்சின் கொதித்து, முறுக்கிக்கொண்டு நின்றது. "நம்ம ஊரு தண்ணி அதுக்கு ஒத்துக்கல" என்றீர்கள். அதற்கப்புறம் அது ஒரு அடி நகரவில்லை. அடுத்த வாரமே நான்கு ஆட்களைக் கூப்பிட்டு வண்டியை வெளியே தள்ளச் சொல்லி, செவலையை உள்ளே கட்டினேன். உங்கள் சீட்டில் கோழி அடைகாத்துப் பத்துக் குஞ்சு பொரித்தது. அந்த வண்டியால் நடந்த நல்ல காரியம் என்றால் வசந்தாவுக்கு அடுத்தபடி அதுதான்.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, ஊசி போடுகிற வேலை எதற்கு என்றீர்களே, அந்தப் பெண்தான் லீவு போட்டு வந்து ஊசி போட்டாள், துடைத்துவிட்டாள், திருப்பிப் படுக்க வைத்தாள். நான் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துச் சொம்பால் தட்டினேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டீர்கள்.

"அன்னிக்கு ஆத்தாண்ட... தூளு எவ்ளோ போட்டாங்க?"

சுவரைத்தானே கேட்டீர்கள்? சுவரே சொல்லட்டும் என்று வந்துவிட்டேன். இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

அதற்காக நான் அழவில்லை. உங்கள் மேல் எனக்கு இருந்த மதிப்பும் கூடிவிடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லாதவர் நீங்கள். சாகிற நேரத்திலும் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் மாட்டிடம் சொல்லி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. வசந்தாவின் மாமனாராக இருந்தாலும் எதிரே நின்று, கண்ணைப் பார்த்துப் பேசுகிறேன். இந்தக் கிழவிக்கு வாய் ஜாஸ்தி என்கிறார்கள். இருக்கட்டும்.

கரண்டியில் மஞ்சள் ஆறிவிட்டது. முழங்காலுக்குப் போட வேண்டும். அதற்கு முன்னால், நேராகவே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெண்டு பிடி, மாமா. என் கையால் ரெண்டு பிடி.