அப்பா அளந்த சீஸ்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் ‘ம்’ என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒன்றும் பெயராது என்பதால் இதில் கேட்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடுவதை நிறுத்திவிட்டாயா.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தோள்வலி வந்து கொத்து வேலையை விட்டதிலிருந்து அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரில் யாரோ கட்டும் சுவரைப் பார்த்து, சாய்வா போகுது, சாய்வா போகுது என்று முனகிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். அவரை எழுப்பி நடமாட வைக்கத்தான் நான் சீஸ் பன் சுட ஆரம்பித்ததே. மாடியில் புதிதாக வந்த அலுவலகத்துப் பெண் ஒன்றைத் தின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஒரு தட்டு குடுங்க, நல்லா இருந்தா வாராவாரம் வாங்கிக்கிறோம் என்றாள். அப்பா தானாக எழுந்து வந்து, சீஸ் துருவுறது என் பொறுப்பு என்றார். இது சொதப்பினால் மறுபடி நாற்காலிக்கே போய்விடுவாரே என்பதுதான் என் பயமெல்லாம்.

நாலு கப் துருவிய சீஸ், கப்புக்கு நூறு கிராம் என்று செய்முறையில் நீ எழுதி அனுப்பியிருந்தாய். நானூறு கிராம் வாங்கி வந்தேன். அப்பா துருவி அளந்தால் இரண்டு கப்பைத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்தது. எடையில கை வெச்சிட்டான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனார். தராசு சரியாகத்தான் இருந்ததாம். உடனே பழி உன் மேல் திரும்பியது. பட்டம் வாங்கினவளுக்குக் கப்புக்கும் கிராமுக்கும் கணக்குத் தெரியலை என்று இன்னொரு கட்டி சீஸோடு திரும்பி வந்து நாலு கப்பையும் நிரப்பிக் கொட்டினார். சுட்டு எடுத்தால் பன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சீஸ் உருகி வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்பா ஜன்னல் பக்கம் நடந்தார்.

நான் விடுவேனா. மிச்சத்தில் ஒரு கப் அளந்து காட்டுங்க என்றேன். துருவலை அள்ளிப் போட்டு, கட்டைவிரலால் குத்தி, ஓரமெல்லாம் இறுக்கி, கரண்டியின் முதுகால் மேலே மட்டம் தட்டினார். கவிழ்த்தேன். ஒரு துருவல்கூட உதிரவில்லை, செங்கல் மாதிரி நின்றது. சந்து விட்டா அது என்ன அளவு என்று என்னையே கேட்கிறார் மனுஷர். இது பன்னுங்க, பாலம் இல்லை என்றேன். அதையே உதிர்த்து, அழுத்தாமல் தூவினேன். கப் நிரம்பியும் ஒரு குவியல் மீதி கிடந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உன்னைச் சொன்னதை மட்டும் திரும்ப வாங்கவில்லை, அழுத்தாதேன்னு அவ எழுதியிருக்கலாம்ல என்கிறார்.

மறுபடி செய்தபோது கப்பைத் தொடவில்லை, பக்கத்து வீட்டுத் தராசை வாங்கி எடை போட்டே செய்தோம். தட்டை அவரே மேலே கொண்டுபோனார், நான் படியில் நின்று காது கொடுத்தேன். அந்தப் பெண் வாயில் பன்னோடு, சார் என்ன வேலை பார்க்கிறீங்க என்றாள். யார் கேட்டாலும் முன்னாடி கொத்தனாரா இருந்தேன் என்றுதான் சொல்வார். அன்று, பன் போடுறோம்மா, அடுத்த வாரத்துக்கு எத்தனை வேணும் என்றார்.

இனி எதை எழுதினாலும் கிராமில் எழுது. அவர் உன்னைச் சொன்னதை நான் எழுதிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே. எங்கிருந்தாலும் குறையில்லாமல், மனம் நிறைந்து இரு கண்ணு. வியாழன் மாலையில் மட்டும் அப்பாவைப் போனில் கூப்பிடாதே, அவருக்கு வேலை இருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா