வீட்டு விலை

மாமா,

இன்று காலை புதுப் புளி வந்து இறங்கியது. மாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் முதல் லோடு. ஒரு சாக்கைப் பிரித்ததுமே புளிப்பு வாசம் கடையை நிறைத்துத் தெரு வரைக்கும் போனது. கையில் பில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன். கீரப்பாளையத்து பஸ் வந்து நிற்கிற நேரம். ஆறு மாசி அந்த நேரத்தில் வாசலைப் பார்த்த பழக்கம், கழுத்து தானாகத் திரும்புகிறது. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது என்பது கழுத்துக்குத் தெரியவில்லை.

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. மில்லுக்கு ஆர்டர் எழுதுவேன், கெட்ட சரக்கு அனுப்பினால் திட்டி எழுதுவேன். அதற்கு மேல் எழுதி வழக்கமில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல வாய்த்தபோது மாற்றிச் சொல்லிவிட்டேன்.

அக்கா இறந்தது இரண்டாயிரத்து நான்கில். அதற்கு முன்பே உங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த பணமெல்லாம் அவள் வைத்தியத்துக்குப் போனது. பிள்ளை இல்லை. மிச்சம் இருந்தது கீரப்பாளையத்தில் குத்தகைக்கு விட்ட மூன்று காணி. காரியம் முடிந்த அன்று, "கடையில வந்து கல்லாவுல உக்காருங்க மாமா, வீடும் இங்கதான்" என்று கூப்பிட்டேன். அந்தத் துக்கத்திலும் சிரித்தீர்கள். "கல்லாவுல உக்காந்தா நாளெல்லாம் ஒன் மூஞ்சியதான் பாக்கணும் மச்சான். வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் குத்தகை வருது. ஒரு மனுஷன் அதுல வாழ முடியுமா முடியாதான்னு பாத்துடுறேன்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை ஒன்றைப் பிடித்தீர்கள். பந்தயம் கட்டியவர் மாதிரி இறங்கினீர்கள். அந்தப் பந்தயம்தான் உங்களை எழுப்பி உட்கார வைத்தது. அக்கா போன வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தவர், அடுத்த மாசியில் முகச்சவரம் செய்துகொண்டு, குத்தகைப் பணத்தோடு சிதம்பரத்தில் என் கடைக்கு வந்து நின்றீர்கள். கையில் நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதிய சீட்டு. ஒரு வருடத்துக்கான மளிகை முழுவதும் அதில் இருந்தது. பருப்பு, உளுந்து, மிளகாய், மல்லி, புளி, எண்ணெய். அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'சொகுசு' என்று தலைப்புப் போட்டு நான்கு வரி: வறுத்த மல்லாட்டைக் கடலை, பனைவெல்லம், காப்பித்தூள், சிதம்பரத்தில் இட்லி கொத்சு, இரண்டு பேருக்கு.

சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் திரும்பி நடந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த இடத்திலேயே ஒரு வார்த்தையை உண்டாக்கினேன். "கடை வெலன்னு ஒண்ணு இருக்கு, வீட்டு வெலன்னு ஒண்ணு இருக்கு மாமா. வீட்டு வெலன்னா நான் வாங்குன வெல. லாபம் வெக்க மாட்டேன். எனக்கு நட்டமும் இல்ல." "நட்டம் இல்லல்ல? அப்போ சரி" என்று சொல்லிச் சீட்டை நீட்டினீர்கள். மூட்டை கட்டி வைத்துவிட்டு என்னை ஓட்டலுக்கு அழைத்துப் போய்க் கொத்சு வாங்கிக் கொடுத்தீர்கள். நான் பையில் கைவிட்டபோது முறைத்தீர்கள். "வருஷத்துல ஒரு நாளு நான் ஒனக்கு வாங்கித் தருவேன். அதுக்குன்னு எழுதி வெச்சிருக்கேன்."

அந்த முதல் வருடம் நான் சொன்னது உண்மை. மில் பில்லில் இருந்த விலையைத்தான் போட்டேன்.

இரண்டாம் வருடம் நீங்கள் வந்தபோது துவரம்பருப்பு கிலோவுக்கு நான்கு ரூபாய் ஏறியிருந்தது. சீட்டைப் பார்த்தேன். போன வருட விலையையே போட்டு, கூட்டி, கீழே இரட்டைக் கோடு இழுத்துக் கொண்டுவந்திருந்தீர்கள். ஏறியிருக்கிறது என்று சொன்னால் நீங்கள் பேனாவை எடுத்து எதில் கைவைப்பீர்கள் என்று தெரியும். மல்லாட்டையில்தான். "வெல எப்பிடி மச்சான்?" என்று கேட்டீர்கள். "அப்பிடியேதான் மாமா" என்றேன். நடந்தது அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. அதற்கடுத்த வருடங்களில் அது எட்டு ரூபாய், இருபது ரூபாய் என்று வளர்ந்தது. பருப்பு விலை ஏறியதை ஊரே பேசியது, உங்கள் காதிலும் விழுந்தது. "நடுவுல இருக்குறவன் திங்கிறான் மாமா, மில்லு வெல ஒண்ணும் ஏறல" என்று நானே சொல்லி நம்பவைத்தேன். வருடத்துக்கு ஒரு முறை, ஒரே கடையில் வாங்குகிறவர். நம்பாமல் என்ன செய்வீர்கள்.

அக்காவுக்காகச் செய்கிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். நான் மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் நீங்கள் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு ஆபீஸ் போனவர். தலைதீபாவளிக்கு வந்தபோது எனக்கு நல்ல சட்டை இல்லை என்று பார்த்துவிட்டு உங்கள் சட்டையை எடுத்துக் கொடுத்தீர்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். ஆனாலும் அந்தச் சட்டை இருபத்தைந்து வருடமாக என் உடம்பில் அரித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு எட்டு ரூபாய் குறைத்துப் போட்டபோது அரிப்பு கொஞ்சம் அடங்கியது.

விற்பனை வரி வேலையாகக் கடலூர் வரும்போதெல்லாம் சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் உங்களைத் தேடுவேன். பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மல்லாட்டையை ஒவ்வொன்றாக எடுத்து மெல்லுவீர்கள். கடைசியில் நெல்லிக்காய் அளவு பனைவெல்லம். பௌர்ணமிக்குக் கடற்கரை வரைக்கும் நடை, பஸ் கிடையாது. காலையில் நூலகத்தில் விளையாட்டுப் பக்கம், மத்தியானம் தூக்கம். "இன்னைக்கு என்னா செலவு தெரியுமா மச்சான்? ஒண்ணுமில்ல. நாளு மட்டும் முழுசா போச்சு" என்பீர்கள். எனக்கு அப்போதே பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரண்டு செல்போன். பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தது. அதனால்தானோ என்னவோ, உங்கள் அந்த நாளுக்குள் என் காசும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு திருப்தியும் இருந்தது.

மைதானத்தில் உட்காரும் ரிட்டயர் ஆனவர்கள் நடுவில் உங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. 'பதினெட்டாயிரம் சார்' என்று கூப்பிட்டார்கள். எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பட்ஜெட்டைக் கைப்பட எழுதிக் கொடுத்தீர்கள். அக்கா போனபிறகு உங்களை யாராவது எதற்காவது மதித்தார்கள் என்றால் இதற்குத்தான். அப்படி எழுதி வாங்கியவர்களில் ஒருவர் உங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர். பென்ஷன் இல்லாத நர்சரிப் பள்ளி டீச்சர். நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி, எடுத்துக்கொண்டிருந்த டியூஷனையும் முட்டிவலி என்று விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்துப் பத்து மாசியில் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் பின்னால் குடோனில் இருந்தேன். எடை மேடையில் ராஜாமணி. இருபது வருடமாக என்னிடம் இருப்பவன், வாயை மூடத் தெரியாதவன்.

"சாருக்குப் போடுற அதே வீட்டு வெலைக்கு எனக்கும் ஒரு வருஷத்து சாமான் போடுங்க" என்றார் டீச்சர்.

ராஜாமணி சிரித்திருக்கிறான். "வீட்டு வெலையா? அது இவுரு ஒருத்தருக்குத்தாம்மா. மொதலாளி அதுக்குன்னு தனிச் சீட்டே வெச்சிருக்காரு. அந்த வெலைக்கு எல்லாருக்கும் குடுத்தா நாங்க கடைய மூடிட்டுக் கூத்தாடப் போவ வேண்டியதுதான்."

"தொவரம்பருப்பு மில்லு வெல என்னாப்பா?" என்று கேட்டீர்கள். நான் உள்ளேயிருந்து வந்தது அப்போதுதான்.

"எழுவத்தெட்டு சார்."

நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது முப்பத்திரண்டு.

என்னைத் திட்டுவீர்கள் என்று நின்றேன். திட்டவில்லை. கட்டி வைத்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னீர்கள். "இன்னைக்கு வெலைக்கு மறுபடி எடை போடு." கையில் இருந்த பணத்துக்குள் அடங்க வேண்டும். பேனாவை எடுத்தீர்கள். சொகுசில் நான்கு வரியும் போனது. பிறகு உளுந்து. பிறகு பருப்பில் பாதி. "மாமா, பாக்கிய அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பக்கத்தில் வந்தேன். நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஒங்கக்கா இருந்த வரைக்கும் அவளுக்கு நான் சோறு போட்டேன் மச்சான். அவ போனதுக்கப்பறம் எனக்கு நீ போட்டிருக்கே. எனக்கே தெரியாம."

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல சார், நானும் பாதி வாங்கிக்குறேன்" என்றார். அன்று நாம் கொத்சு சாப்பிடப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தேன். மூட்டையை என்னைத் தூக்க விடவில்லை.

அடுத்து நீங்கள் செய்ததை டீச்சர்தான் சொன்னார். பட்ஜெட் எழுதிக் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "தப்பா எழுதிட்டேன், அந்தத் தாளக் குடுங்க" என்று திரும்ப வாங்கியிருக்கிறீர்கள். பதினோரு வீடு. எல்லா இடத்திலும் உண்மையைச் சொல்லி. கடைசித் தாளை வாங்கியபிறகு மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். நான் அறைக்கு வந்தால் "வா" என்பீர்கள், தண்ணீர் கொடுப்பீர்கள், விலைவாசி தவிர எல்லாம் பேசுவீர்கள். உடம்பு வற்றிக்கொண்டே போனது. அடுத்த மாசிக்குக் கடைக்கு வரவில்லை. மஞ்சக்குப்பத்திலேயே சில்லறையாக, ஊர் விலை கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள்.

பிறகு அந்த டிசம்பர் கடைசிப் புயல். மூன்றாம் நாள் மினி லாரியில் அரிசி ஏற்றிக்கொண்டு ராஜாமணியோடு வந்தேன். ரோடெல்லாம் மரம், வெட்டி வெட்டித்தான் வர முடிந்தது. உங்கள் அறைக்கு மேலே வானம் இருந்தது. டீச்சர் வீட்டு வாசலில் தெருவுக்கே உலை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். மூட்டையைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்தினீர்கள்.

"இது எனக்கா, தெருவுக்கா?"

"தெருவுக்கு மாமா."

"சத்தமா சொல்லு. டீச்சர் காதுல விழட்டும்."

சத்தமாகச் சொன்னேன். இறக்கச் சொன்னீர்கள். எனக்கு ஒரு தட்டும் போட்டுக் கொடுத்தீர்கள், சாப்பிட்டேன். மன்னித்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தெருவுக்கு உலை வைத்த அந்தப் பத்து நாளும் நீங்கள் மட்டும் உங்கள் காசில் வாங்கின அரிசியைத் தனியாக ஒரு சின்ன சட்டியில் வடித்துச் சாப்பிட்டீர்கள் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

நனைந்ததில் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் சாயங்காலம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டீச்சர். மூச்சுக்கு நடுவில் கூப்பிட்டீர்கள்.

"மச்சான். அந்த மொத வருஷம். அது நெஜமாவே வாங்குன வெலதானா?"

"சத்தியமா மாமா. மில்லு பில்லு இருக்கு, எடுத்தாந்து காட்டுறேன்."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன். எடை போட்டபிறகு ஒரு கை அள்ளிப் போடுகிற புத்தி, கை சும்மா இருக்கவில்லை.

"மொத வருஷம் மட்டும் இல்ல மாமா, ரெண்டாவது வருஷமும். மூணாவது வருஷந்தான் நான் கைய வெச்சேன்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம்."

உங்கள் அறையின் சிமெண்ட் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்தீர்கள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினீர்கள். "ரெண்டு வருஷம் டீச்சர். எங்காசுல நானே." விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

டீச்சர் இப்போது மைதானத்தில் எல்லோரிடமும், "சார் ரெண்டு வருஷம் சாதிச்சுக் காட்டுனாரு" என்று சொல்கிறாராம். நான் திருத்தவில்லை. திருத்தினால் உங்கள் கையிலிருந்து பிடுங்கினவன் ஆவேன். திருத்தாமல் விட்டால், நீங்கள் போனபிறகும் உங்களுக்குத் தெரியாமல் அளந்து போட்டுக்கொண்டிருக்கிறவன். இரண்டில் எது குறைந்த நட்டம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம்தான் மாமா. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.