ராகு காலத்தில் ஒரு வாக்கு

30.8.2025, சனி
கடையில் கூட்டமில்லை. நான்கு கைப்பேசிகளுக்குக் கண்ணாடி மாற்றினேன். மதியம் ‘அலை’ என்ற எங்கள் டிஜிட்டல் நாணயச் செயலியில் புதிய தீர்மானம் வந்திருந்தது: இனி ஆயிரம் டோக்கனுக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. என்னிடம் 640. இந்த பிளாக்செயினுக்கு முதலாளி கிடையாது, டோக்கன் வைத்திருப்பவர்களே வாக்களித்து விதிகளை மாற்றலாம் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லி ஆள் சேர்த்தவள் நான். இப்போது எந்த முகத்தோடு பேசுவது?

1.9, திங்கள்
வாக்கெடுப்பு அடுத்த திங்கள் காலை எட்டுக்கு முடிகிறது. எப்போதும் அப்படித்தான். போன ஜூனில் வேறொரு தீர்மானத்தை எதிர்த்து, நானும் நான் சேர்த்தவர்களுமாக இருபத்தாறு பேரும் ஞாயிறே போட்டுவிட்டோம் — திங்கள் ஏழரை முதல் ராகு காலம். ஏராளமான டோக்கன் வைத்திருக்கும், யாரென்றே தெரியாத ஒரு பெரிய வாலட்காரர் ஏழு ஐம்பதுக்கு வந்தார். எங்களைவிட முந்நூறு மட்டும் கூடுதலாகப் போட்டு ஜெயித்துவிட்டுப் போனார். வாக்களித்த டோக்கனை மூன்று மாதம் விற்க முடியாது. அதனால் தேவைக்கு மேல் போடமாட்டார். மடச்சாம்பிராணிகள் நாங்கள்.

5.9, வெள்ளி
இந்த முறை அந்த வாலட்காரருக்குப் பிறகு, ராகு காலத்திலேயே போட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். கிள்ளானில் பூக்கடை வைத்திருக்கும் வீரம்மா அக்கா குரல் பதிவு அனுப்பினார்: “ராகு காலத்துல நான் புது ஆர்டரே எடுக்க மாட்டேன் புனிதா. ஓட்டு எப்படி லா?” பக்கத்தூர் மேருவில் லோரி ஓட்டும் பக்கிரிசாமி அண்ணனும் அதேதான். கத்திவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. நானும் அந்த நேரத்தில் கடைக் கதவைத் திறந்ததில்லையே.

7.9, ஞாயிறு
அக்காவே வழி சொன்னார். “எங்க ஓட்ட உன்கிட்ட குடுத்துடுறோம். நல்ல நேரத்துல குடுக்குறோம். நீ எப்பப் போட்டா எங்களுக்கென்ன?”
வாக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கச் செயலியில் வசதி உண்டு. மூன்று வருடமாகத் தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. முகப்பில் போட்ட வாக்குகள் மட்டுமே தெரியும், ஒப்படைத்தவை தெரியாது. மதியத்துக்குள் இருபத்தைந்து பேரும் கொடுத்துவிட்டார்கள். ராகு என் தலையில். பயமாத்தான் இருக்கு.

8.9, திங்கள்
7:51. பெரிய வாலட் வந்தது. எதிர்த்து விழுந்திருந்ததைவிட ஐந்நூறு கூடுதல். அதே கஞ்சத்தனம்.
7:56. அழுத்தினேன். பதிவாக ஒரு நிமிடம்.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. ஜெயிச்சிட்டோம். ஜெயிச்சிட்டோம்.
ராகு காலம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடையைத் திறந்துவிட்டேன்.

13.10, திங்கள்
இன்று வேறொரு தீர்மானம். 7:40க்குப் பார்த்தால், என்னிடம் ஒப்படைத்திருந்ததில் வீரம்மா அக்காவின் 710 குறைகிறது. மனது சுருக்கென்றது. அழைத்தேன்.
“கோவிச்சுக்காத லா. என் ஓட்டு, நானே அழுத்திட்டேன்.”
“அக்கா, இது ராகு காலம்.”
“தெரியும். உனக்கு ஒண்ணும் ஆகலையே.”
பட்டியலைப் பார்த்தேன். நான் ஆதரித்த தீர்மானத்தை எதிர்த்துப் போட்டிருக்கிறார். முதலாளி கிடையாது என்று சொல்லி அவரைச் சேர்த்தவள் நான்தானே. நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.