தட்டு சுத்தம்

மார்ச் 4

மாப்பிள்ளை இன்றும் பதினோரு மணிக்குத்தான் வந்தான். சோதனைக்கூடத்தில் வேலையெல்லாம் முடிந்தபின் தலை வாரிக்கொண்டு மேடையேற மட்டும் வருகிறவனுக்கு நான் வைத்த பெயர். செல் வளர்ப்பது நான், அதில் பாக்டீரியா விடுவது நான், எங்கள் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் போய்ப் பேசுவது அவன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இதில் என்னை அக்கா என்று வேறு கூப்பிடுகிறான். இருவருக்கும் ஒரே வயது.

மார்ச் 9

பாக்டீரியா பூட்டை உடைப்பதில்லை. வெளியே நின்று தொடும். உடனே செல்லுக்குள் ஒரு சமிக்ஞை ஓடும், செல்லே சுவரை வளைத்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சமிக்ஞையை மருந்து போட்டு அடக்கினால் நுழைவு நிற்குமா? இதுதான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். நின்றால் பட்டம். நிற்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் இவன் முகம்.

மார்ச் 11

நேற்று, செல்லுக்கு வெளியே மிஞ்சிய பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் ஊற்றிக் கொன்றேன். செல்லுக்குள் ஒளிந்தது மட்டும் பிழைக்கும். பிறகு செல்லை உடைத்துத் தட்டில் தேய்த்து வளரவிட்டேன். பிழைத்த ஒவ்வொன்றும் தட்டில் ஒரு புள்ளியாய்ப் பெருகும். இன்று பார்த்தால், மருந்து போட்ட தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

"தட்டு சுத்தம்க்கா. ஜெயிச்சிட்டோம்" என்றான். 'டோ'மாம்! இவனும் சேர்த்தியாம்.

மார்ச் 12

மனசு கேட்கவில்லை. மருந்து போட்டு மிச்சம் வைத்த செல்களில் நீலச் சாயம் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செத்த செல்தான் நீலம் குடிக்கும். எல்லாமே நீலம். மருந்தே செல்லைக் கிழித்திருக்கிறது. கிழிசல் வழியே ஆன்டிபயாடிக் புகுந்து, உள்ளே இருந்ததையும் கொன்றிருக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

எரிச்சலில் அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "செல்லைப் பார்த்தேன். சுத்தம்."

மார்ச் 13

முட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன சுத்தத்தை, துடைத்துவைத்த சுத்தம் என்று படித்திருக்கிறான். செய்தியை மேடத்திடம் காட்டியும் விட்டான்.

"செல்லும் நல்லா இருக்காமே" என்று மேடம் என் தோளைத் தட்டினார். மாநாட்டில் மாப்பிள்ளையே பேசப்போகிறானாம். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? பட்டம் — வேறென்ன.

மார்ச் 14

அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். முகம் வெளுத்தது. ஒரு நிமிஷம்தான்.

"சும்மா இருங்கக்கா. உங்களுக்கும் நல்லதுதானே?"

அந்த 'உம்' இருக்கிறதே, நாளெல்லாம் வயிற்றெரிச்சல். திருட்டில் எனக்கும் பங்கு வைக்கிறான்.

மார்ச் 17

மேடத்திடம் சொல்லிவிட்டேன். உண்மைக்காகவா, அவன் மூக்கை உடைக்கவா? மூக்குக்காகத்தான்.

மேடம் கத்தவில்லை. "சுத்தம்னு ஒத்த வார்த்தைல எழுதினது யாரு? மருந்தக் குறைச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பச் செய்யுங்க."

சேர்ந்தா! உடைந்தது என் மூக்கும்தான்.

மார்ச் 24

ஒன்பது மணிக்கே வந்தான். தலை வாரவில்லை.

மார்ச் 26

குறைத்த அளவிலும் சமிக்ஞை அடங்கியது. செல்கள் கிழியவில்லை. இன்குபேட்டரைத் திறந்தோம். மருந்து போட்ட தட்டிலும் போடாத தட்டிலும் புள்ளிகள் ஒரே மாதிரி அப்பிக் கிடந்தன. சமிக்ஞை அடங்கியும் நுழைவு நிற்கவில்லை. என் அத்தியாயம் போயிற்று, அவன் மேடையும் போயிற்று. இன்னும் ஒரு வருடம் இந்த முகம்.

அவன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"சுத்தம்" என்றான்.

இந்த முறை சரியாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.