பிண்டம் போகாத ஆறு

மாசி 18, 1983. வெள்ளி இரவு.

இன்று என் வீட்டுக்காரருக்குக் கருமாதி. தலவாக்கலையில் பெரிய ஆற்றில் செய்யலாம் என்று மகன் முன்பே சொன்னான். நான்தான் விடவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆற்றிலேயே அவர் போகட்டும், மாசியிலும் முழங்கால் அளவு ஓடுகிற ஆறு என்று பெருமை பேசினேன்.

போய்ப் பார்த்தால் வெறும் கல். நடுவில் அண்டா அகலத்துக்கு ஒரு குட்டை. போன மாதம் ஒரே மழையில் கரையைப் பிய்த்துக்கொண்டு போன ஆறுதான் இது. முன்பெல்லாம் நாள் முழுக்கத் தூறும். மலை அதைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். இப்போது கொட்டுகிறது, ஓடிவிடுகிறது, அதோடு சரி.

மகன் பிண்டத்தை இலையோடு தண்ணீரில் விட்டான். அது அசையவில்லை.

“அண்ணனுக்குப் போக மனசில்ல மதினி. உசுரோட இருந்தப்பவும் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்குக் கடைசியாத்தானே போவாரு,” என்றார் கொழுந்தன். சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. குடத்தில் அள்ளிப் பின்னாலிருந்து ஊற்றினேன். இலை ஒரு சாண் நகர்ந்து கல்லில் முட்டி நின்றது.

“போதும்மா, வாங்க. திரும்பிப் பாக்கக் கூடாது,” என்றான் மகன்.

“போயிட்டாராடா?”

“போயிட்டாரும்மா.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

நானும் திரும்பிப் பார்க்கவில்லை. மழை வந்தால் போவார். ஆனால் இப்போது வருகிற மழை அவரைக் கூட்டிப் போகாது, கல்லோடு கல்லாக அடித்துக்கொண்டுதான் போகும். முதுகுவலி உள்ள மனிதர்.