சீட்டில் பதினாறு ரூபாய்

அக்கா,

இன்று காலை கிருஷ்ணகிரிக் கடைவீதியில், நாம் போன அதே ஜவுளிக்கடை வாசலில் பலகை பார்த்தேன். "ஆடித் தள்ளுபடி, ரூபாய்க்கு இருபத்தைந்து நயா பைசா." அணா போய் நயா பைசா வந்துவிட்டது. பித்தலாட்டம் மட்டும் போகவில்லை. மழை தூறியும் அந்தப் படியில் ஒதுங்க மனம் வரவில்லை.

அம்மா அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எல்லாமே நீதான். என் கல்யாணத்தில் மாமியாருக்கு வைக்கிற சீர்ச் சேலை எடுக்க, கெலமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தோம். அன்று பலகையில் ரூபாய்க்கு நாலணா. நீ எடுத்த அரக்குச் சேலையில் குத்தியிருந்த சீட்டில் பதினாறு ரூபாய். கால் பங்கு கழித்தால் பன்னிரண்டு. ஆனி மாதம் பக்கத்து வீட்டுக்காரியோடு நான் போனபோது, தள்ளுபடி என்ற பேச்சே இல்லாமல் அதே சேலைக்குப் பன்னிரண்டு ரூபாய்தான் சொன்னார்கள். நான் சும்மா இருப்பேனா?

"போன மாசமும் பன்னெண்டுதானுங்களே, இதுல என்ன தள்ளுபடி?" என்று கேட்டேன்.

"அது வேற சரக்கும்மா," என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

நீ என் கையைக் கிள்ளினாய். பணத்தைக் கொடுத்து வெளியே வந்த பிறகுதான் சொன்னாய்: "எனக்குக் கணக்குத் தெரியாதாடி? நமக்கு வேண்டியதே அந்தச் சீட்டுதான். சீட்டோட தட்டுல வச்சா, உங்க மாமியா பதினாறுன்னுதான பாப்பாங்க."

அடி கெட்டிக்காரி என்று நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சீமந்தத்துக்கு நீ எடுத்து வந்த சேலையை மாமியார் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "பதினாறு ரூபா சேலை வச்ச வீடு, இப்ப மட்டும் பஞ்சப்பாட்டுப் பாடுதா?" என்றார். தொட்டிலுக்கும் அதே பேச்சு, காதுகுத்துக்கும் அதே பேச்சு. அவர் கேட்டதையெல்லாம் நீ செய்தாய். காதுகுத்துச் சீருக்காகக் கறவைப் பசுவை விற்றாய். பால் வருமானம் போனதும், தளி ஊரில் முட்டைக்கோசு அறுக்கக் கூலிக்குப் போனாய். மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டி, பத்தே நாளில் போய்ச் சேர்ந்தாய். "கௌரவம் போனா வராதுடி" என்பாயே, பசு மட்டும் திரும்பி வந்ததா? உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உன் கருமாதியன்று மாமியார் பந்தியில் எல்லாரிடமும், "பதினாறு ரூபா சேலை வச்ச மகராசி" என்று மூக்கைச் சிந்தினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது பன்னெண்டு ரூபாதாங்க அத்தை," என்றேன்.

அவர் நிதானமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியுமே. அந்த ஆனியில நானுந்தான் அதுக்கு வெல கேட்டேன். பதினாறுன்னு சீட்டு வச்சது உங்க அக்கா. அவ வச்சத வச்சுத்தான நானும் கேட்டேன்?"

அவருக்கு இன்றும் நான்தான் சோறு போடுகிறேன். ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன பயன்? ஊர் பேர் தெரியாத கடைக்காரரிடம் சட்டென்று கேட்டவள், புகுந்த வீட்டில் மூன்று வருஷம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். சீமந்தத்தன்றே பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால், உன் மானம் ஒரு நாள் போயிருக்கும். நீ இருந்திருப்பாய்.